இளமையில் மறைந்தோரைப் போற்றும் முறை

பௌத்தம் தழுவிய நம் குடும்பங்களில் முதியவர் ஒருவர் மறைந்தால் பெரும்பாலும் குழப்பம் எழுவதில்லை. திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதுகிறோம், அவர் வாழ்ந்த வாழ்வை நான்கு பேர் எடுத்துரைக்கக் கேட்கிறோம், அமைதியாகக் கலைகிறோம். படிக்கும் வயதில் மகனோ மகளோ மறைந்த வீட்டில் நிலைமை வேறு. பதினாறாம் நாள் நெருங்கும்போது, பிள்ளை பசியோடு அலையுமே, ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் இறைத்தால் என்ன குறைந்துவிடும் என்று பாட்டி கேட்பாள். தாய் வாய் திறக்கமாட்டாள். அவள் முகமும் அதையே கேட்கும். அவ்வேளையில் தீட்சையின்போது ஏற்ற உறுதிமொழியை நினைவூட்டுவது கல்நெஞ்சர் செயலாகவே தோன்றும். ஆதலால் பலர் வாய்மூடி நிற்கின்றனர்; கருமாதி நடந்துவிடுகிறது; அடுத்த ஆண்டு திவசமும் தொடர்கிறது. இவ்விடத்தில் நாம் செய்ய வேண்டுவது யாது என்பதே இப்பாடத்தின் பொருள்.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம்மைப் பின்பற்றித் தீட்சை பெற்ற இலட்சக்கணக்கானவர்களுக்கு 22 உறுதிமொழிகளை அளித்தார். சிராத்தம் செய்யேன், பிண்டம் இடேன் என்பது அவற்றுள் ஆறாவது. பார்ப்பனரைக் கொண்டு எச்சடங்கும் செய்விக்கேன் என்பது எட்டாவது. இவற்றை வகுத்தவர் புத்திரசோகம் அறியாத அறிஞர் என்று எண்ணிவிடலாகாது. அவரும் ரமாபாய் அம்மையாரும் பெற்ற ஐந்து மக்களுள் நால்வர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். கடைசி மகன் ராஜரத்னா மறைந்தது 1926இல். நான்கு முறை அத்துயரைக் கண்ட தந்தையின் கையிலிருந்து வந்த உறுதிமொழி அது. பிண்டத்தால் ஆறும் துயரமாக இருந்திருந்தால் அதை அவர் நமக்கு மறுத்திருக்கமாட்டார்.

அப்படியாயின் நமக்கு எஞ்சுவது என்ன? வெறும் மௌனமா? இதற்கு நம் நூல்கள் கூறும் விடையை முதலில் காண்போம்.

கடுகு கேட்டு வீடுவீடாகச் சென்ற கிசாகோதமியின் வரலாறு யாவரும் அறிந்ததே. நம் தமிழிலேயே இன்னொரு கோதமை உண்டு. அவளை நம்மவருள் பலர் அறியார். சாத்தனார் இயற்றிய மணிமேகலையில், சக்கரவாளக்கோட்டம் உரைத்த காதையில் வருபவள் அவள். சார்ங்கலன் என்னும் அந்தண இளைஞன் காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டை ஊர் என்று எண்ணித் தனியே புகுந்து, பேய் ஒன்றைக் கண்ட அச்சத்தால் உயிர் துறக்கிறான். அவன் தாய் கோதமை உடலைத் தழுவிக்கொண்டு சம்பாபதித் தெய்வத்தை அழைக்கிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைக் கொடு, கண்ணிழந்த என் கணவரை இவனாவது காப்பான் என்று இரக்கிறாள். தெய்வம் மறுக்கிறது. தேவர் அனைவரையும் வரவழைத்துக் கேட்பித்தும் விடை மாறவில்லை. ஓர் உயிருக்கு மாற்றாக இன்னோர் உயிரைக் கொடுத்து மீட்கும் வழி எந்தத் தேவருக்கும் இல்லை என்பதே சாத்தனார் அங்குக் கூறவந்தது. தேவர்களாலேயே ஆகாதது, புரோகிதர் வாங்கும் அரிசி வாழைக்காயால் ஆகுமோ?

இது மறுப்பு. ஏற்க வேண்டியதைச் சங்யுத்த நிகாயத்தில் உள்ள சுந்த சூத்திரம் கூறுகிறது. சாரிபுத்த தேரர் நாளகக் கிராமத்தில் பரிநிர்வாணம் அடைந்தபின், சுந்தன் என்னும் சாமணேரர் அவருடைய பாத்திரத்தையும் சீவரத்தையும் எடுத்துக்கொண்டு சாவத்தியில் ஆனந்தரிடம் வருகிறார். ஆனந்தர் நிலைகுலைந்து போகிறார். திசைகள் தெரியவில்லை என்கிறார். பகவன் அவரை அதட்டவுமில்லை, உடன் அழவுமில்லை. ஒரு கேள்வி கேட்கிறார். சாரிபுத்தன் போகும்போது சீலத்தை எடுத்துச் சென்றானா, சமாதியை எடுத்துச் சென்றானா, ஞானத்தை எடுத்துச் சென்றானா என்று. இல்லை என்கிறார் ஆனந்தர். சாரிபுத்தர் முதியவர்தாம்; இளைஞர் அல்லர். எனினும் கேள்வி யாவருக்கும் பொருந்தும். போனவர் எதை எடுத்துச் சென்றார், எதை விட்டுச் சென்றார்? விட்டுச் சென்றது எங்கே கிடக்கிறது, யார் கையில் இருக்கிறது? இளமையில் மறைந்தவரைப் பற்றி இதைக் கேட்கும்போது விடை கடினமாகிறது. அவர் விட்டுச் சென்றதில் பெரும்பகுதி முடிக்கப்படாத வேலையாக இருக்கும்.

இதனை ஒரு வாழ்க்கையில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு நாம் தேர்வது புனே நகரம், பழைய பெயரில் பூனா. நமக்கு அது அயலூர் அன்று. பாபாசாகேப் தம் மூன்று குருமாருள் ஒருவராகப் புத்தருடனும் கபீருடனும் சேர்த்துக் கூறிய ஜோதிராவ் பூலே வாழ்ந்த நகரம் அது. அதன் அருகே உள்ள தேகு ரோட்டில்தான் 1954 டிசம்பர் 25ஆம் நாள் பாபாசாகேப் தம் கையால் புத்தர் திருவுருவை நிறுவினார். அந்நகரில் 1887 பிப்ரவரி 26ஆம் நாள் ஓர் இளம்பெண் காசநோயால் இறந்தார். அவர் பெயர் டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி. 22 வயது நிறைய இன்னும் ஒரு மாதமும் சில நாட்களும் இருந்தன.

அவர் பௌத்தர் அல்லர்; சித்பாவனப் பார்ப்பனக் குலத்தவர். அவரை ஏன் எடுத்தீர் என்று வாசகர் வினவலாம். காரணம் போகப்போக விளங்கும்.

1865 மார்ச் 31இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் யமுனா. ஒன்பதாம் வயதில், தம்மினும் ஏறத்தாழ இருபது ஆண்டு மூத்தவரும் மனைவியை இழந்தவருமான கோபால்ராவ் ஜோஷி என்னும் அஞ்சல் துறை எழுத்தருக்கு மணம் செய்விக்கப்பட்டார். ஆனந்தி என்பது கணவர் இட்ட பெயர். மனைவி படிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்த கணவர் அந்நாளில் அரியர். எனினும் அப்பிடிவாதம் அடியும் உதையுமாகவும் இறங்கியது. அமெரிக்காவிலிருந்து கணவருக்கு எழுதிய கடிதமொன்றில் ஆனந்திபாய் அதனை ஒளிக்காமல் குறித்துள்ளார். இக்கடிதங்களைத் தேடித் தொகுத்து ஆராய்ந்தவர் 2015இல் மறைந்த மீரா கோசாம்பி அம்மையார். பாலி மொழியையும் பௌத்தத்தையும் மராத்தி மக்களுக்கு எடுத்துத் தந்த தர்மானந்த கோசாம்பியின் பேத்தி அவர் என்பதை நம் வாசகர் அறிந்தால் மகிழ்வர்.

பதினான்காம் வயதில் ஆனந்திபாய் ஓர் ஆண் மகவைப் பெற்றார். அக்குழந்தை பத்தே நாட்கள் உயிர் வாழ்ந்தது. தக்க மருத்துவம் கிட்டியிருந்தால் பிழைத்திருக்கும் என்பது அவர் உள்ளத்தில் தைத்தது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட வெட்கி, பெண் மருத்துவர் இல்லாமையால் இறந்த தாய்மார் அந்நாளில் எண்ணற்றவர். கிசாகோதமி இறந்த பிள்ளைக்கு மருந்து கேட்டு அலைந்தாள். இப்பெண்ணோ, தன் பிள்ளைக்கு இனி மருந்தில்லை என்று தெளிந்து, பிறர் பிள்ளைகளுக்காக மருத்துவம் கற்கப் புறப்பட்டாள்.

1880இல் கோபால்ராவ் அமெரிக்கப் பாதிரியார் ஒருவருக்கு உதவி கேட்டு எழுதினார். கிறித்தவம் தழுவினால் ஆகும் என்ற பாங்கில் விடை வந்தது, இருவரும் இசையவில்லை. ஆனால் அக்கடிதம் அமெரிக்க இதழொன்றில் அச்சாகி, நியூ ஜெர்சி மாநிலத்து ரோசெல் ஊரைச் சேர்ந்த தியோடிசியா கார்ப்பென்டர் என்னும் அம்மையார் பல் மருத்துவரின் கூடத்தில் காத்திருந்தபோது அவர் கண்ணில் பட்டது. அவர் எழுதினார், ஆனந்திபாய் விடை எழுதினார், கண்டறியாத இருவரும் அத்தையும் மருமகளுமாயினர்.

1883 பிப்ரவரியில், வங்காளத்துச் செராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில், பதினெட்டு வயதும் நிரம்பாத அப்பெண் எழுந்து நின்று தாம் அமெரிக்கா செல்வது ஏன் என்று ஆங்கிலத்தில் சொற்பொழிவாற்றினார். தம்மிடம் ஊரார் கேட்ட கேள்விகளை அவரே வரிசைப்படுத்தினார். இங்கே படிக்க இயலாதா? தனியே ஏன் போகிறாய்? திரும்பினால் சாதியை விட்டு விலக்கமாட்டார்களா? தீங்கு நேர்ந்தால் என்ன செய்வாய்? எந்தப் பெண்ணும் செய்யாததை நீ ஏன் செய்யவேண்டும்? முதற்கேள்விக்கு விடை கூறும்போது அவர் நம் சென்னையையும் சுட்டினார். பெண்களுக்கென மருத்துவம் கற்பிக்கும் கல்லூரி சென்னையில் ஒன்று மட்டுமே உண்டு, பிற மாகாணங்களில் பிள்ளைப்பேற்று வகுப்புகளே உள்ளன, கற்பிப்பவர்களின் மனப்பான்மையால் அக்கல்வியும் குறைபட்டது என்றார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி; அக்கதவு எவ்வளவு ஒடுக்கமானது என்பதையும் அவர் சொல்லிலிருந்து உணர்கிறோம்.

1883 ஏப்ரலில் கணவர் துணையின்றிக் கல்கத்தாவில் கப்பலேறினார். பிலடெல்பியாவில் இருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். புடவையையும் மரக்கறி உணவையும் அவர் விடவில்லை. குளிர் அவரை விடவில்லை. அவருடன் பயின்ற ஜப்பானியப் பெண் கெய் ஒகாமியும், சிரியா நாட்டுச் சபாத் இஸ்லாம்பூலியும் அவரும் தத்தம் நாட்டு உடையில் 1885இல் எடுத்துக்கொண்ட நிழற்படம் இன்றும் உலவுகிறது. மூவரும் சிரிக்கவில்லை, அந்நாளில் நிழற்படத்துக்கு யாரும் சிரிப்பதில்லை. 1886 மார்ச் 11ஆம் நாள் ஆனந்திபாய் பட்டம் பெற்றார். மேனாட்டு மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் அவர் ஒருவர். கொல்லாப்பூர் சமத்தானம் தன் ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையில் பெண்கள் பிரிவின் பொறுப்பை அவருக்கு அளித்தது. அவ்வாண்டு நவம்பரில் பம்பாயில் வந்து இறங்கியபோதே நோய் முற்றியிருந்தது. அப்பொறுப்பை அவர் ஏற்கவே இல்லை. மூன்று மாதம் கழித்துப் புனேயில் எல்லாம் முடிந்தது.

ஒரே ஒரு நாளும் மருத்துவராகப் பணிபுரியாத மருத்துவர். கணக்குப் பார்ப்பவன், இவர் வாழ்வு வீண் என்பான். இளமையில் மறைந்த பிள்ளையைப் பற்றி நம் உறவினர் சொல்வதும் அதுவே அன்றோ? இவ்வளவு படிக்க வைத்தோம், எல்லாம் வீணாயிற்று என்று.

உலகம் ஆனந்திபாயைப் போற்றாமல் இல்லை. மறைந்த மறு ஆண்டே அமெரிக்காவில் கரோலின் டால் என்னும் அம்மையார் அவர் வரலாற்றை நூலாக்கினார். மராத்தியில் காசிபாய் கானிட்கர் எழுதினார். பின்னர் நாவலும் நாடகமும் வந்தன. 2019இல் திரைப்படமும் வந்தது. வெள்ளிக் கோளில் ஒரு பள்ளத்துக்குக்கூட அவர் பெயர் உண்டு. அவருடைய அஸ்தியைக் கணவர் தியோடிசியா அம்மையாருக்கு அனுப்பினார். நியூயார்க் மாநிலத்துப் போகிப்சி நகர் இடுகாட்டில், அவர்தம் குடும்ப நிலத்தில் அது வைக்கப்பட்டுள்ளது. அங்கே நாட்டிய கல், கல்வி தேடி இந்தியாவைவிட்டுச் சென்ற முதல் பார்ப்பனப் பெண் என்று அவரைக் குறிக்கிறது. அன்பு கொண்டவர்கள் நாட்டிய கல்தான் அது, ஐயமில்லை. ஆயினும் கடல் கடந்து எரிந்து சாம்பலான பின்னும் சாதி உடன் சென்று கல்லில் ஏறிக்கொண்டதைக் காண நமக்குச் சற்று வியப்பாகவே இருக்கிறது. அவர் மகவை இழந்த தாய் என்பதை அக்கல் கூறவில்லை. அவர் புறப்பட்டதற்குக் காரணம் அதுவே.

இங்கே புனேயின் இன்னொரு பெண்ணை அவர் அருகில் நிறுத்துவோம். ஆனந்திபாய் பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1855இல், ‘ஞானோதயா’ என்னும் இதழில் மகர், மாங் மக்களின் துயரம் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் ஜோதிராவ், சாவித்திரிபாய் பூலே இணையரின் பள்ளியில் பயின்ற முக்தாபாய் சால்வே என்னும் மாங் குலத்துச் சிறுமி. தம் மக்கள் நிலமிழந்து விரட்டப்பட்டதையும், கற்க முயன்றால் தண்டிக்கப்பட்டதையும் சொல்லிவரும் அச்சிறுமி, ஓரிடத்தில் பிள்ளைப்பேற்றுக்கு வருகிறாள். எங்கள் பெண்கள் கூரையற்ற இடத்தில் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறுகிறார்கள். அப்போது நோய் வந்தால் மருத்துவருக்கும் மருந்துக்கும் பணம் எங்கிருந்து வரும், காசு வாங்காமல் மருத்துவம் பார்க்கும் அளவுக்கு உங்களில் எந்த வைத்தியன் மனிதனாக இருந்தான் என்று கேட்கிறாள்.

கேட்டது தீண்டப்படாத சேரியின் சிறுமி. அதே துயரை வேறோர் தெருவில் கண்டு, மருத்துவம் கற்கச் சென்றவள் பார்ப்பனப் பெண். ஆனந்திபாயின் பட்ட ஆய்வு ‘ஆரிய இந்துக்களிடையே பிள்ளைப்பேற்று மருத்துவம்’ என்பது. முக்தாபாயின் கூரையற்ற தாய் அத்தலைப்புக்குள் அடங்கமாட்டாள். நம் சென்னையிலும் அவ்வாறே. 1885இல் மேரி ஷார்லீப் அம்மையார் முயற்சியால் தொடங்கிய பெண்கள் மருத்துவமனை, சாதிப்பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் உரியது என்று பெயரிலேயே அறிவித்துக்கொண்டது. இன்று அது கஸ்தூரிபாய் காந்தி மருத்துவமனை, யாரும் செல்லலாம். ஆனந்திபாயைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அவர் 21 வயதில் மறைந்தார்; எல்லைகளைக் கடக்க அவருக்கு இன்னும் நாள் கிடைத்திருக்கலாம். அவர் விட்டுச் சென்ற வேலையை எடுப்பவர் அதை அவர் நின்ற எல்லையிலேயே நிறுத்திவிடலாகாது என்பதற்காகவே சொல்கிறோம்.

எடுத்தவர்களும் இருந்தனர். அதே பிலடெல்பியாக் கல்லூரியில் குருபாய் கர்மார்கர் 1892இல் பட்டம் பெற்றுப் பம்பாயில் பணிபுரிந்தார். குழந்தை மணத்தை எதிர்த்து வழக்காடிய ருக்மாபாய் 1894இல் இலண்டனில் படிப்பை முடித்துச் சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டு மருத்துவம் பார்த்தார். புனேயிலேயே, 1897இல் கொள்ளைநோய் பரவியபோது, சாவித்திரிபாய் பூலே தம் வளர்ப்பு மகனான மருத்துவர் யஷ்வந்துடன் நோயாளிகளுக்குத் தொண்டு செய்து, அந்நோய்க்கே இரையாகி மார்ச் 10ஆம் நாள் மறைந்தார். முக்தாபாயின் கேள்விக்கு அவளுடைய ஆசிரியை அளித்த விடை என்று அதனை நாம் கொள்கிறோம்.

தம்மபத உரையில் வரும் மட்டகுண்டலியின் கதையும் ஈண்டு நினைக்கத்தக்கது. சாவத்தியில் யாருக்கும் எதுவும் ஈயாத ஒரு செல்வன். அவனுக்கு ஒரே மகன். மகனுக்குக் காமாலை வந்தபோது, கூலிக்கு அஞ்சி மருத்துவனை அழைக்காமல், இன்ன நோய்க்கு என்ன மருந்து என்று கேட்டுவந்து தானே காய்ச்சிக் கொடுத்தான். நோய் முற்றியதும், பார்க்க வருவோர் வீட்டுச் செல்வத்தைக் கண்டுவிடுவர் என்று மகனை வெளித்திண்ணையில் கிடத்தினான். மகன் இறந்தபின் நாள்தோறும் சுடுகாட்டுக்குச் சென்று கதறினான்! உயிரோடு இருந்தபோது மருந்துக்குக் கொடாத காசை, இறந்தபின் கண்ணீராகக் கொட்டியவன் அவன். நம் வீடுகளிலும் பள்ளிக் கட்டணத்துக்கும் மருந்துக்கும் பத்து முறை யோசித்தவர்கள் கருமாதி விருந்துக்குக் கடன் வாங்குவதைக் காண்கிறோம்.

அழுவதைப் பெருமான் தடுத்தார் என்று யாரும் எண்ணவேண்டா. அழுகையும் புலம்பலும் மறைந்தவரைச் சென்று சேர்வதில்லை என்றும், அவர் நினைவாக அளிக்கும் தானமே பயன் தரும் என்றும் திரோகுட்ட சூத்திரம் கூறுகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விகாரையில் தரும் தானத்தையே பிண்டத்தின் மறுபெயராக்கி, இத்தனை பிக்குகளுக்கு உணவிட்டால் பிள்ளைக்கு இன்ன உலகம் என்று கணக்கிடத் தொடங்கினால், முன்வாசல் வழியே வெளியேற்றியதைக் கொல்லைப்புறமாக அழைத்து வந்தவர் ஆவோம். அவ்வழக்கம் ஆங்காங்கே தலைகாட்டுவதை நாம் கவலையோடு காண்கிறோம்.

தானம் எவ்வாறு அமையவேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. ஆனந்திபாய் பட்டம் பெற்ற 1886ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவருடைய தங்கை இளமையிலேயே புற்றுநோயால் துன்புற்று இறந்தார். அக்காள் அத்துயரை முப்பது ஆண்டு சுமந்தார், பணம் திரட்டினார், மறுத்தவர்களிடம் மீண்டும் சென்றார். 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவ நிலையம் எழுந்தது. தங்கைக்கு அவர் செய்த திவசம் எது என்று கேட்டால் அந்நிலையத்தைத்தான் காட்டவேண்டும்.

நம்மால் மருத்துவமனை எழுப்ப இயலாது. நம் குடும்பங்களுக்கு இயன்றதைச் சொல்வோம். பிள்ளை மறைந்த வீட்டில் பதினாறாம் நாளன்று உறவினர் கூடட்டும். பாட்டியும் தாயும் வேண்டுமட்டும் அழட்டும். திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதியபின், அப்பிள்ளை எதைத் தொடங்கியிருந்தான், எது பாதியில் நிற்கிறது என்று அவனோடு பழகிய நண்பர்களைப் பேசச் சொல்லுக. பெற்றோர் அறியாத செய்திகள் அன்று வெளிவரும். தையல் பொறி வாங்கச் சேர்த்த காசு, தங்கைக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு, மாலைப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் என ஏதேனும் ஒன்று இருக்கும். அவற்றுள் ஒன்றை எடுத்து, இதை இன்னார் தொடர்வார் என்று பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். கருமாதிக்கு ஒதுக்கிய தொகை அதற்கே செல்லட்டும். மறைந்தவரின் புத்தகங்களைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் அடுத்த வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குக் கொடுக்கலாம்; உள்ளே அவர் எழுதிய பெயரை அழிக்க வேண்டியதில்லை.

படிப்பு வட்டங்கள் நடத்தும் அன்பர்களுக்கு ஒன்று கூறுவோம். பிப்ரவரி 26ஆம் நாளை ஒட்டி, ஆனந்திபாயின் செராம்பூர்ச் சொற்பொழிவையும் முக்தாபாயின் கட்டுரையையும் சேர்த்துப் படிக்கலாம். இரண்டும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன, இரண்டுமே சிறியவை, ஆங்கிலம் அறிந்த ஒருவர் தமிழில் சொல்லிவந்தால் ஒரே மாலையில் முடிந்துவிடும். சிறுமியின் கட்டுரையை முதலில் படிப்பது நல்லது.